யூரிடினும் 254 நானோமீட்டரும்: உறிஞ்சல் இறங்குவதையும் திரும்புவதையும் அளக்கும் செய்முறை

ஆர்.என்.ஏ.யின் நான்கு கூறுகளில் ஒன்றான யூரிடினின் கரைசலை, 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி தரும் கிருமிநாசினி விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வைத்தால், 262 நானோமீட்டரில் இருந்த அதன் உறிஞ்சலில் பெரும்பகுதி காணாமல் போகும். மூலக்கூறு சிதைந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளத் தோன்றும். அதே கரைசலில் சிறிது அமிலம் விட்டுச் சூடாக்கினால் போன உறிஞ்சல் திரும்பி வரும். 1949-ல் சின்ஷைமரும் ஹேஸ்டிங்ஸும் சயன்ஸ் இதழில் அறிவித்தது இதைத்தான். ஒளி, யுராசில் வளையத்தின் ஐந்தாம் ஆறாம் கார்பன்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பில் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்க்கிறது. ஆறாம் கார்பனில் ஹைட்ராக்சில் அமர்கிறது, ஐந்தில் ஹைட்ரஜன். இரட்டைப் பிணைப்பு போனதும் வளையத்தின் ஒத்திசைவு அறுபடுகிறது, 262-ல் உறிஞ்ச எதுவும் மிச்சமில்லை. நீர் சேர்ந்த இந்தப் பொருளைத்தான் கீழே நீரேற்றம் என்கிறோம். அமிலமும் வெப்பமும் அந்த நீரைக் கழற்றிவிடுகின்றன.

ஆகவே இறக்கத்தை மட்டும் அளந்து நிறுத்தினால் எதையும் நிரூபித்ததாகாது. பிளாஸ்டிக் கசிவு, ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (எதையும் தாக்கும் நிலையற்ற துணுக்குகள்), அடுக்கிக்கொண்ட இரண்டு மூலக்கூறுகள் ஒன்றாகப் பிணையும் இருபடியாதல் என எல்லாமே உறிஞ்சலை மாற்றும். எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் உண்மையான அளவு. கீழே உள்ள ஏற்பாடு முழுவதும் அந்த ஓர் எண்ணை நம்பத்தக்கதாக எடுப்பதற்காகவே.

விளக்கும் தட்டும்

15 வாட் குறை அழுத்தப் பாதரசக் குழல் ஒன்று போதும். 26 மி.மீ. விட்டமும் சுமார் 45 செ.மீ. நீளமும் உள்ள கிருமிநாசினி வகை. அதன் புற ஊதா வெளியீடு கிட்டத்தட்ட 5 வாட், ஏறக்குறைய அனைத்தும் 253.7 நானோமீட்டரில். ஓசோன் உண்டாக்காத கண்ணாடி உறை கொண்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். 185 நானோமீட்டர் வரியை வெளியே விடும் குழல் ஓசோனை உண்டாக்கும். அந்த ஓசோன் கரைசலைத் தாக்கும், தானே 254-ல் ஒளியை உறிஞ்சவும் செய்யும். பெட்டிக்குள் கூர்மையான ஓசோன் நெடி வந்தால் அந்தக் குழலை இந்த வேலைக்கு வைக்கக் கூடாது.

குழலின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, 20 செ.மீ. தூரத்தில் கரைசலின் மேற்பரப்பு இருக்க வேண்டும். நீள விளக்குக்கான கணக்குப்படி அங்கே ஒரு சதுர செ.மீ.க்கு 0.75 மில்லிவாட் அளவில் ஒளி விழும். இது அனுமானம் மட்டுமே. பயன்படுத்தும் எண்ணைக் கீழே சொல்லும் அயோடைடு முறையில் அளந்தே எடுக்க வேண்டும். குழலை ஏற்றிக் குறைந்தது 15 நிமிடம் கழித்தே தட்டைத் திறக்க வேண்டும். அதுவரை அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை ஒன்று மறைப்பாக நிற்கட்டும். விளக்கை அணைத்து ஏற்றி நேரம் கணக்கிடும் பழக்கம் இங்கே உதவாது, மறைப்பை இழுத்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். குழலின் மேல் மின்விசிறிக் காற்று படக் கூடாது. பாதரச ஆவியின் அழுத்தம் குழல் சுவரின் வெப்பத்தைப் பொறுத்தது, சுவர் குளிர்ந்தால் வெளியீடு சரியும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே எண் போதும். பன்னாட்டு வழிகாட்டுதலில் 254 நானோமீட்டருக்கு 8 மணி நேரத்தில் அனுமதிக்கப்பட்ட அளவாகச் சொல்லப்பட்டது சதுர செ.மீ.க்கு 6 மில்லிஜூல். 0.75 மில்லிவாட்டில் அது 8 வினாடியில் தீர்ந்துவிடும். கண் எரிச்சல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் மணல் விழுந்ததுபோல் அறுக்கும். பாலிகார்பனேட் முகக்கவசம், நைட்ரைல் கையுறை, மணிக்கட்டை மூடும் சட்டைக் கை இவை இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. கதவைத் திறந்தால் விளக்கு தானே அணையும் சுவிட்சு ஒன்றும் வைத்துவிடுங்கள்.

தட்டு கண்ணாடியாகவே இருக்க வேண்டும். உள்விட்டம் 8.5 செ.மீ. உள்ள பெட்ரி தட்டில் 25 மி.லி. ஊற்றினால் ஆழம் 4.4 மி.மீ. வரும். ஒளி மேலிருந்து, மூடி இல்லாமல் விழ வேண்டும். சாதாரணக் கண்ணாடி மூடியோ பாலிஸ்டைரீன் மூடியோ 254-ஐ முழுக்க நிறுத்திவிடும். அதே காரணத்தால் மூடி போட்ட இரண்டாவது தட்டு நல்ல ஒப்பீட்டுத் தட்டாகிறது: அதே சூடு, அதே நேரம், 254 மட்டும் இல்லை.

பாலிஸ்டைரீன் தட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்தால் வேலை கெடும். புற ஊதா பட்டதும் அதிலிருந்து கரைசலுக்குள் 260-ஐ ஒட்டி உறிஞ்சும் பொருள்கள் கசியும். யூரிடின் இறங்கும்போது கசிவு ஏறும், இரண்டும் சேர்ந்து ஒரு பொய்யான நடுவழிக் கோட்டைத் தரும். எந்தத் தட்டானாலும் முதலில் பஃபரை (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் ஒளியில் வைத்துப் பாருங்கள். 260-ல் உறிஞ்சல் 0.005-க்கு மேல் ஏறினால் அந்தத் தட்டோ அந்தக் காந்தத் துண்டோ கூடாது. கலக்க 3 மி.மீ. தடிமனுள்ள சிறிய டெஃப்லான் காந்தத் துண்டு வேண்டும். அதைவிடத் தடித்தது இந்த ஆழத்தில் நீருக்கு மேலே தலைகாட்டும்.

அசிட்டோனால் பாத்திரம் அலசும் வழக்கம் பல கூடங்களில் உண்டு. இந்த வேலைக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள். அசிட்டோன் ஒளியை வாங்கி யூரிடினை மும்மை நிலை என்ற, சற்று நீடிக்கும் ஆற்றலேறிய நிலைக்கு ஏற்றிவிடும். அந்த வழியில் உருவாவது நீரேற்றம் அல்ல, இரண்டு யூரிடின்கள் நான்கு கார்பன் வளையத்தால் பிணைந்த வளையபியூட்டேன் இருபடி. அது அமிலத்தில் திரும்பாது. எத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் போதும்.

கரைசல்கள்

பஃபர்: 10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 7.0. பாஸ்பேட் 254-ல் ஒளியைத் தடுப்பதில்லை. நீர் அயனி நீக்கியதாக இருக்க வேண்டும். நைட்ரேட் இருந்தால் அது ஒளியில் உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளைத் தரும்.

யூரிடின் 24.4 மி.கி.யை 10 மி.லி. நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 125 மைக்ரோலிட்டரை 25 மி.லி. பஃபரில் விட்டால் 0.05 மில்லிமோலார் கிடைக்கும். 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட்டில் (உறிஞ்சலை அளக்கும் சிறு பாத்திரம்) 262-ல் சுமார் 0.50 காட்டும். ஒப்பீட்டுக்கான மற்ற ஆர்.என்.ஏ. கூறுகள்: சைட்டிடின் 24.3 மி.கி., அடினோசின் 26.7 மி.கி. அதே 10 மி.லி.க்கு. அடினோசின் கரையச் சற்று வெதுவெதுப்பு வேண்டும். குவானோசினைத் தவிர்த்து 5′-குவானோசின் மோனோபாஸ்பேட்டின் டைசோடியம் உப்பை எடுப்பது நல்லது, ஏனெனில் குவானோசின் நீரில் மிக மோசமாகக் கரைகிறது. இந்த உப்பு நீரைப் பிடித்துவைத்திருக்கும், எவ்வளவு என்பது புட்டிக்குப் புட்டி மாறும். ஆகவே எடையை நம்பாமல் 252 நானோமீட்டரில் 13,700 என்ற மோலார் உறிஞ்சல் கெழுவை (1 மோலார் கரைசல் 1 செ.மீ.யில் காட்டும் உறிஞ்சல்; கீழே வெறும் கெழு) வைத்துச் செறிவைக் கணக்கிடுங்கள். மற்றவற்றுக்கும் பிஎச் 7-ல் சரிபார்க்கும் எண்கள்: அடினோசின் 260-ல் 14,900, யூரிடின் 262-ல் 10,100, சைட்டிடின் 271-ல் 9,100.

0.05 மில்லிமோலார் என்று குறைவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. யூரிடினின் கெழு 254-ல் சுமார் 8,500. 4.4 மி.மீ. ஆழத்தில் மொத்த உறிஞ்சல் 0.19 மட்டுமே, ஆகவே அடிமட்டத்துக்கும் நல்ல வெளிச்சம் போகிறது. செறிவைப் பத்து மடங்கு ஏற்றினால் மேல் அடுக்கு ஒளியை விழுங்கிவிடும், கீழே இருட்டு. கலக்கினாலும் வேகம் செறிவோடு மாறிக்கொண்டே போகும், கோடு நேர்கோடாக அமையாது.

ஒளியை அளத்தல்

நீரில் 0.6 மோலார் பொட்டாசியம் அயோடைடு, 0.1 மோலார் பொட்டாசியம் அயோடேட், 0.01 மோலார் போராக்ஸ். 100 மி.லி.க்கு முறையே 9.96 கிராம், 2.14 கிராம், 0.38 கிராம். பிஎச் 9.2-ஐ ஒட்டி வரும். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். இந்தக் கரைசல் 254-ஐ முழுவதும் விழுங்கி மூவயோடைடைத் தரும். அறை வெப்பத்தில் 100 ஃபோட்டானுக்கு சுமார் 73 மூவயோடைடு. அறை விளக்கின் சாதாரண வெளிச்சம் அதைத் தொடாது.

அதே தட்டு, அதே 25 மி.லி., அதே இடம், கலக்கியபடி 60 வினாடி. பிறகு 1 மி.லி. எடுத்து ஒளி படாத அதே கரைசலின் 9 மி.லி.யில் விட்டு, அந்த ஒளி படாத கரைசலையே வெற்று மாதிரியாக வைத்து 352 நானோமீட்டரில் படியுங்கள். நீரால் நீர்த்தால் அயோடைடு குறைந்து மூவயோடைடு சமநிலை நகரும்.

0.41 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கெழு 26,400. பத்து மடங்கு நீர்த்ததைச் சேர்த்தால் 0.155 மில்லிமோலார், 25 மி.லி.யில் 3.88 மைக்ரோமோல். 0.73-ஆல் வகுத்தால் 5.3 மைக்ரோமோல் ஃபோட்டான். 254-ல் ஒரு மோல் ஃபோட்டானின் ஆற்றல் 471 கிலோஜூல், ஆகவே 2.5 ஜூல். 56.7 சதுர செ.மீ. பரப்பாலும் 60 வினாடியாலும் வகுத்து, நீர்ப்பரப்பில் திருப்பிவிடப்படும் இரண்டரை சதவீதத்தைச் சேர்த்தால், சதுர செ.மீ.க்கு 0.755 மில்லிவாட். தட்டை இரண்டு செ.மீ. நகர்த்தினாலும் இந்த எண் மாறும். தட்டின் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.

ஓட்டம்

தட்டைக் கரைசலோடு எடை பாருங்கள். மறைப்பை இழுத்து 0, 5, 10, 20, 30, 45, 60 நிமிடங்களில் 1 மி.லி. எடுத்து, 220 முதல் 320 வரை முழு நிறமாலையையும் பதிவு செய்து, மாதிரியைத் திரும்பத் தட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆழம் மாறாமல் இருக்க இதுவே எளிய வழி. மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் மறைப்பு மூடியிருக்க வேண்டும், கடிகாரமும் நிற்க வேண்டும்.

யூரிடினின் நீரேற்றக் குவாண்டம் விளைச்சல் சுமார் 0.02. அதாவது விழுங்கிய 100 ஃபோட்டானில் இரண்டே வேலை செய்கின்றன. மற்ற 98-ன் ஆற்றல் பிகோவினாடி அளவிலேயே வெப்பமாகி நீருக்குள் போய்விடுகிறது. ஆர்.என்.ஏ.யின் நான்கு காரங்களுக்கும் பொதுவான தற்காப்பு இது, பியூரின்களில் (அடினோசின், குவானோசின் இவற்றின் இரட்டை வளையக் காரங்கள்) இன்னும் திறமாக நடக்கிறது. 0.02-ஐ 8,500 கெழுவோடு சேர்த்தால், மெல்லிய கரைசலில் சதுர செ.மீ.க்கு ஒரு ஜூல் விழுந்தால் யூரிடினில் 56 சதவீதம் மாறும். நம் தட்டில் ஆழத்தின் சராசரி ஒளி மேற்பரப்பில் விழுவதில் ஏறத்தாழ 80 சதவீதம்; அதை வைத்துப் பார்த்தால் அரைப்பங்கு மாற 22 அல்லது 23 நிமிடம். ஒரு மணி நேரத்தில் 262-ல் 0.50 இருந்த இடத்தில் 0.08-ஐ ஒட்டி வந்துவிடும்.

உறிஞ்சலின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு முடிவில் சற்றுச் செங்குத்தாக வளைந்தால் பதற வேண்டாம். யூரிடின் குறையக் குறையக் கரைசல் தெளிவாகி மிச்சமுள்ளவற்றுக்கு அதிக ஒளி கிடைக்கிறது. மாறாக, கோடு போகப் போகத் தட்டையாகி 0.1, 0.15 என்ற இடத்தில் நின்றுவிட்டால் ஏதோ கசிகிறது. நிறமாலையைப் பாருங்கள்: யூரிடினின் மேடு வடிவம் மாறாமல் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். 280-ஐத் தாண்டி நீளும் வால் தெரிந்தால் அது நீரேற்றம் அல்ல. அளந்த வேகம் கணக்கைவிடச் சில சதவீதம் கூடுதலாக இருப்பது இயல்பு. நீளக் குழலின் ஒளி சாய்வாகவும் வருவதால் கரைசலுக்குள் அதன் பாதை ஆழத்தைவிட நீளம்.

அடினோசின் தட்டைப் பக்கத்தில் வைப்பது வீண் வேலை அல்ல. இந்த அளவு ஒளியில் அடினோசினும் குவானோசின் மோனோபாஸ்பேட்டும் கருவிப் பிழைக்குள்ளேயே நிற்கும். ஆகவே அவை காவலாளிகள். அடினோசின் இறங்கினால் நேரடி ஒளிவினைக்கு வெளியே ஏதோ நடக்கிறது: நைட்ரேட், ஓசோன், கழுவாமல் விட்ட பொருள். அடினோசின் ஏறினால் நீர் ஆவியாகிறது. திறந்த தட்டில், 25 மி.லி.யில் ஒரு கிராம் போனாலே செறிவு 4 சதவீதம் கூடும். எடை பார்த்து, குறைந்த அளவு நீரைச் சொட்டிச் சமன் செய்த பிறகே அடுத்த மாதிரி.

திரும்பக் கொண்டுவருதல்

ஒளி பட்ட யூரிடின் கரைசலில் 1 மி.லி.யைத் திருகுமூடிக் குழாயில் எடுத்து 0.1 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து 90 °செ. நீர்த்தொட்டியில் வையுங்கள். ஒளி படாத யூரிடினுக்கும் அதே அமிலம், அதே சூடு. 15 நிமிடத்தில் ஒரு குழாய், 30-ல் ஒன்று, 45-ல் ஒன்று வெளியே எடுத்துக் குளிர்வித்து, மூடியில் ஒட்டிய ஆவித்துளிகளை மையவிலக்கியில் சுற்றிக் கீழே இறக்கிய பிறகு படியுங்கள். அந்தத் துளிகளை விட்டுவிட்டால் மாதிரி செறிந்துபோய் 100 சதவீதத்துக்கு மேல் மீட்பு வரும். வாசிப்பை 1.1-ஆல் பெருக்குங்கள். யூரிடினின் நிறமாலை பிஎச் 1-லும் 7-லும் ஒன்றே, ஆகவே அமிலத்தை நடுநிலையாக்காமலே படிக்கலாம். கடைசி இரண்டு வாசிப்புகள் ஒத்திருந்தால் திரும்புதல் முடிந்தது.

அடினோசினையும் குவானோசின் மோனோபாஸ்பேட்டையும் இந்தச் சூடான அமிலத்தில் போடக் கூடாது. பியூரின்களுக்கும் சர்க்கரைக்கும் இடையிலான பிணைப்பு அங்கே அறுந்துவிடும். யூரிடினின் பிணைப்பு அந்த அமிலத்தைத் தாங்கும்.

திரும்பாமல் மிச்சம் நின்ற பங்கைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். நீர்த்த கரைசலில் தனித்தனி யூரிடினாக இருக்கும்போது இருபடி சிறிதளவே உருவாகும், ஏனெனில் ஒளியேறிய நிலை இன்னொரு யூரிடினைச் சந்திக்கும் முன்பே அணைந்துவிடும். கரைந்த ஆக்சிஜன் மும்மை நிலையையும் அணைத்துவிடுகிறது. நீரேற்றமோ ஒளி பட்டதும் முதலில் வரும், மிகக் குறுகிய ஆயுளுள்ள ஒற்றை நிலையிலிருந்து நடப்பது, ஆக்சிஜனால் மாறுவதில்லை. ஆகவே திறந்த தட்டில், காற்றோடு கலக்கியபடி செய்தால் மீட்பு முழுமையை நெருங்க வேண்டும். உறைந்த கரைசலில் கதை வேறு. 1960-ல் பியூகர்ஸும் பெரென்ட்ஸும் தைமின் இருபடியைக் கண்டது பனிக்கட்டியில்தான். உறையும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன.

மிச்சம் இருபடியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. அமிலத்தில் திரும்பிய கரைசலை நடுநிலையாக்கி மீண்டும் விளக்கின் கீழ் வைத்து முதல் சில நிமிடங்களை நெருக்கமாக அளவிடுங்கள். இருபடியை 254 ஒளியே திறமாகப் பிளக்கும். இருபடி கணிசமாக இருந்தால் இறங்கும் வேகம் தொடக்கத்தில் குறைந்து தெரியும், மிகுதியாக இருந்தால் உறிஞ்சல் ஏறக்கூடும்.

சைட்டிடின்

சைட்டிடினும் நீரை ஏற்கிறது. ஆனால் வேகம் யூரிடினின் பாதிக்கும் குறைவு. அதன் நீரேற்றம் நிலையற்றது. யூரிடின் நீரேற்றம் நடுநிலையில், அறை வெப்பத்தில் அப்படியே கிடக்கும். சைட்டிடினுடையதோ சில மணி நேரத்தில் இருட்டிலேயே நீரைக் கழற்றிவிடும். ஒளி பட்டதை மாலையில் வைத்துவிட்டுக் காலையில் படித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். எடுத்த உடனே படிக்க வேண்டும், இல்லையென்றால் பனிக்கட்டியில் வைக்க வேண்டும்.

இந்த நீரேற்றத்தில் ஒரு பங்கு நீரைக் கழற்றும் முன் அமினோ தொகுதியை இழந்து யூரிடின் நீரேற்றமாகிவிடும். பிறகு சூடாக்கினால் கிடைப்பது யூரிடின். சைட்டோசின் யுராசிலாக மாறும் இந்த வழியை 2009-ல் பௌனர், ஜெர்லண்ட், சதர்லண்ட் மூவரும் நேச்சர் இதழில் பயன்படுத்திக் காட்டினார்கள். அவர்கள் சைட்டிடின் 2′,3′-வளையபாஸ்பேட்டைப் புற ஊதாவில் வைத்தபோது ஒரு பகுதி அதற்கிணையான யூரிடினாக மாறியது, வேண்டாத துணைப்பொருள்கள் அழிந்தன.

இதை அளக்கப் பிரிப்புக் கருவி தேவையில்லை. ஒளி பட்ட சைட்டிடினை முதலில் நடுநிலையிலேயே 80 °செ.யில் வைத்து, 271-ல் உறிஞ்சல் ஏறுவது நிற்கும்வரை விடுங்கள். பிறகு மேலே சொன்னபடி அமிலமும் சூடும் கொடுத்து யூரிடின் நீரேற்றத்தையும் கழற்றுங்கள். கடைசியில் பிஎச் 2-க்குக் கீழே 280, 260 இரண்டிலும் படித்து விகிதம் பாருங்கள். தூய சைட்டிடினுக்கு அமிலத்தில் இந்த விகிதம் 2.1, யூரிடினுக்கு 0.35. கலவையில் 5 சதவீதம் யூரிடின் இருந்தால் 1.96, 10 சதவீதம் இருந்தால் 1.84. இருட்டில் வைத்து அதே சூடு கொடுத்த சைட்டிடினின் விகிதத்தையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளுங்கள், புத்தக எண்ணை அல்ல. வெப்பமே சிறிதளவு அமினோ தொகுதியைக் கழற்றியிருந்தால் அது அங்கே தெரிந்துவிடும். பிஎச் 3-க்கு மேல் நின்றுவிட்டால் சைட்டிடின் முழுக்க புரோட்டான் ஏற்றிருக்காது, ஏனெனில் அதன் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டான் ஏற்றிருக்கும் பிஎச்) 4.2. அப்போது விகிதம் தானாகவே குறைந்து, இல்லாத யூரிடினைக் காட்டும். சந்தேகமிருந்தால் குவெட்டில் ஒரு சொட்டு அமிலம் கூடுதலாக விட்டு விகிதம் நகர்கிறதா என்று பாருங்கள்.